பொருளாளர் எடுத்த கைமாற்று: ஒரு சபைக் கணக்கின் நிகழ்வு ஆய்வு

கிறிஸ்தவ சபையின் பணத்தில் கை வைப்பவர் முதல் நாளே திருடன் என்று தன்னை நினைத்துக்கொள்வதில்லை. "கைமாற்றா எடுத்தேன், இருபதாம் தேதி போட்டுடுவேன்" என்றுதான் தொடங்குகிறது. அந்த முதல் தொகைக்கும் கடைசியில் யார் யாரோ சுமந்த சேதத்துக்கும் நடுவே என்னென்ன படிகள் இருந்தன என்பதை இந்த ஆய்வு ஒவ்வொன்றாகப் பார்க்கிறது. இது குறிப்பிட்ட ஒரு சபையின் கதை அல்ல. சென்னைச் சபைகளில் பணம் கைமாறும் விதத்தை வைத்து, படிப்பினைக்காகக் கோர்த்த மாதிரி நிகழ்வு. தொகைகளும் விளக்கத்துக்காக வைத்தவை.

பெரம்பூர், அயனாவரம் பக்கம் சுமார் 180 குடும்பங்கள் உள்ள ஒரு சபையை எடுத்துக்கொள்வோம். பொருளாளருக்கு வயது 52, சின்ன ஆஃப்செட் அச்சகம் வைத்திருக்கிறார். பாடகர் குழுவில் இருப்பவர், எல்லாருக்கும் நல்லவர். ஞாயிறு ஆராதனையில் காணிக்கைப் பையிலும் சந்தா உறையிலும் சேர்த்து வாரம் சராசரி ரூ.22,000 ரொக்கமாக விழும். ஆராதனை முடிந்ததும் பின்னறையில் எண்ணுவார்கள். எண்ணிக்கைச் சீட்டில் நோட்டு வாரியாக எழுத வேண்டும்: 500 பதினான்கு, 200 பன்னிரண்டு, 100 முப்பத்தெட்டு என்று சில்லறை வரை. கீழே இரண்டு கையெழுத்து. மறுநாள் திங்கட்கிழமை வங்கியில் கட்ட வேண்டும். விதி இவ்வளவுதான், நல்ல விதிதான்.

ஆனால் இரண்டாவது கையெழுத்துப் போட வேண்டிய 24 வயது இளைஞர் ஞாயிறு பள்ளியில் வகுப்பும் எடுக்கிறார். "தம்பி, நீ கையெழுத்து போட்டுட்டு கிளம்பு, பிள்ளைங்க காத்திருக்கும். நான் எண்ணிக்கிறேன்" என்பார் பொருளாளர். "சரி அங்கிள்" என்று வெற்றுச் சீட்டில் கையெழுத்திட்டுப் போவார் இளைஞர். இதில் அப்போதைக்கு யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. இருந்தாலும் நிகழ்வின் முதல் தவறான தெரிவு இதுதான் என்று நாங்கள் சொல்வோம். எண்ணாத தொகைக்குச் சாட்சி சொல்வது பொய்ச்சாட்சி; தொகை சரியாக இருந்தாலும் அப்படித்தான்.

தொகை வளர்ந்த விதம்

ஜூன் மாதம் மகளின் பொறியியல் கல்லூரிக் கட்டணத்துக்குக் கடைசி நாள். ரூ.15,000 குறைகிறது. அச்சகத்துக்கு வர வேண்டிய பில் தொகை இருபதாம் தேதி வரும் என்று உறுதி. ஞாயிறு ரொக்கத்திலிருந்து எடுத்துக் கட்டினார். பில் தொகை வரவும் செய்தது. ஆனால் அன்று காலையே காகிதம் சப்ளை செய்பவர் கடையில் வந்து உட்கார்ந்துவிட்டார்; பணம் அவருக்குப் போனது. சபைக் குறையைக் கேட்க ஆள் இல்லை, காகிதக்காரர் கேட்கிறார். கேட்கிற கடனுக்கு முதலில் கொடுப்பதும், கேட்காத கடனைத் தள்ளிப்போடுவதும் பணநெருக்கடியில் இருக்கிற எவருக்கும் வரும் பழக்கம். சபைப் பணம் எப்போதும் கேட்காத கடன்.

ஆகஸ்டில் இன்னொரு ரூ.22,000. ஞாயிறு ரொக்கத்தில் மொத்தக் குறை ரூ.37,000 ஆனது. இதை அவர் மறைத்த முறையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் கண்டுபிடிக்கும் வழியும் அதற்குள்ளேயே இருக்கிறது. எண்ணிக்கைச் சீட்டில் தொகையைச் சரியாகவே எழுதினார். வங்கியில் கட்டும்போது போன வாரத் தொகையை இந்த வாரக் காணிக்கையிலிருந்து கட்டினார். பதிவேட்டில் எல்லா வாரமும் இருக்கும், ரூபாயும் சரியாக இருக்கும். தேதி மட்டும் தள்ளும். எத்தனை வாரம் தள்ளும் என்பதற்கு எளிய கணக்கு: குறையை வாராந்தர ரொக்கத்தால் வகுக்க வேண்டும். ரூ.15,000 குறை இருந்தபோது ஒரு வாரத் தாமதம் போதும். ரூ.37,000 ஆனபோது இரண்டு வாரம் தள்ளித்தான் கட்ட முடிந்தது.

அக்டோபரில் அறுப்பின் பண்டிகை. சபையார் காணிக்கையாகக் கொண்டுவந்த வாழைத்தார், சேவல், வீட்டில் செய்த கேக், அதிரசம் என்று ஏலம் களைகட்டும். அன்று உற்சாகத்தில் கேட்பவர்கள் பலரும் கையில் பணத்தோடு வருவதில்லை. மொத்த ஏலம் ரூ.1,84,000, அன்று வந்த ரொக்கம் ரூ.1,12,000, பாக்கி ரூ.72,000. இந்த ஏலப் பாக்கிதான் நம் சபைக் கணக்குகளில் ஆகப் பலவீனமான இடம். யார் எவ்வளவு தர வேண்டும் என்பது ஒரு நோட்டில் பென்சிலால் இருக்கும். கொடுப்பவர் கோவில் வாசலிலோ பஸ் ஸ்டாப்பிலோ பொருளாளர் கையில் கொடுப்பார், ரசீது கேட்பது அவமரியாதை என்று நினைப்பார். அடுத்த இரண்டு மாதத்தில் ரூ.48,000 வசூலானது, பதிவேட்டில் ஏறியது ரூ.20,000. மீதி ரூ.28,000 ஏட்டிலேயே இல்லை. ஞாயிறு ரொக்கத்தில் தேதி தள்ளியது. இங்கே வரவே மறைந்தது. ஒருமுறை தள்ளிப்போடப் பழகிய கைக்கு மறைப்பது அவ்வளவு பெரிய அடுத்த படியாகத் தெரியவில்லை.

டிசம்பரில் ஏழைக் குடும்பங்களுக்கான கிறிஸ்துமஸ் நிதி. வியாசர்பாடி, புளியந்தோப்புப் பக்கம் 40 குடும்பங்களுக்குத் தலா ரூ.1,500-க்கு அரிசி, எண்ணெய், ஒரு சேலை என்று திட்டம், மொத்தம் ரூ.60,000, அது வசூலும் ஆகிவிட்டது. "இந்த வருஷம் வசூல் கம்மி" என்று சொல்லி ரூ.35,000 மட்டும் கணக்கில் காட்டினார். ஒரு குடும்பத்துக்கு ரூ.875 ஆனது. சேலை போயிற்று, எண்ணெய் போயிற்று, அரிசி மட்டும் மிஞ்சியது. அந்த 40 வீடுகளுக்கும் இப்படி ஒரு திட்டம் இருந்ததே தெரியாது. அதனால் யாரும் குறை சொல்லவில்லை. யாரும் குறை சொல்லாததை அவர் பெரிய ஆறுதலாக எடுத்துக்கொண்டார்.

புத்தாண்டு ஆராதனையில் உள்ளம் குத்தி, ஜனவரியில் ரூ.10,000 திருப்பிப் போட்டார். மொத்தக் குறை ரூ.90,000-த்திலிருந்து ரூ.80,000 ஆனது. ஞாயிறு ரொக்கக் குறை மட்டும் ரூ.27,000. ஆனால் அதற்குள் கோவில் முகப்பில் க்யூஆர் அட்டை ஒட்டியிருந்தார்கள். ஜனங்கள் ஜிபேயில் காணிக்கை போடத் தொடங்க, அந்தப் பணம் நேரே வங்கிக்குப் போனது. மார்ச்சில் வாராந்தர ரொக்கம் ரூ.13,000-க்கு இறங்கிவிட்டது. 27,000-ஐ 13,000-ஆல் வகுத்துப் பாருங்கள்: இரண்டு வாரத்துக்கும் மேல். குறையைக் குறைத்த பிறகும் தாமதம் மூன்று வாரமாகிவிட்டது. அவர் பாரம் குறைந்தது என்று நினைத்த மாதங்களில்தான் கணக்கு அவரைக் காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தது. "உங்கள் பாவம் உங்களைத் தொடர்ந்து பிடிக்கும்" என்று எண்ணாகமம் 32:23 சொல்வதை வானத்திலிருந்து விழும் இடியாகவே பிரசங்கிக்கிறோம். பல நேரங்களில் அது இப்படி, செய்த காரியத்துக்குள்ளேயே இருக்கும் கணக்காகத்தான் வந்து பிடிக்கிறது.

வேதம் காட்டும் படிகள்

யோசுவா 7-இல், எரிகோவில் யாரும் தொடக் கூடாதென்று விலக்கியிருந்த பொருளை எடுத்த ஆகான் தன் வாயாலேயே வரிசையைச் சொல்கிறான்: கண்டேன், இச்சித்தேன், எடுத்தேன், கூடாரத்துக்குள் புதைத்தேன். எடுத்தது ஒரு பாபிலோனிய சால்வை, 200 சேக்கல் வெள்ளி, 50 சேக்கல் நிறையுள்ள ஒரு பொன்பாளம். ஆனால் அதன் விளைவாக ஆயி பட்டணத்துக்கு முன்பாக நடந்த போரில் விழுந்தவர்கள் 36 பேர். அவர்களில் யாரும் அந்தச் சால்வையைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. யாக்கோபு 1:15-லும் இதே ஒழுங்குதான்: இச்சை கர்ப்பந்தரித்து பாவத்தைப் பிறப்பிக்கிறது, பாவம் பூரணமாகும்போது மரணத்தைப் பிறப்பிக்கிறது. ஒவ்வொரு படியிலும் நின்று திரும்ப இடம் இருந்தது என்பதும் அந்த வசனத்துக்குள் இருக்கிறது. நம் நிகழ்வில் அந்த இடம் ஜூன் இருபதாம் தேதி. பில் தொகை கைக்கு வந்த அந்தக் காலையில் ரூ.15,000-ஐ முதலில் வங்கியில் கட்டியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

"மனுஷன் எதை விதைக்கிறானோ அதையே அறுப்பான்" என்ற கலாத்தியர் 6:7-ஐ நாம் பெரும்பாலும் தனிமனிதக் கணக்காகவே படிக்கிறோம்: அவன் விதைத்தான், அவனே அறுப்பான். ஆகானின் 36 பேர் அந்தப் படிப்பைத் திருத்துகிறார்கள். ஒருவன் விதைத்ததை அவனுக்கு முன்னால் அக்கம்பக்கத்தார் அறுக்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

முதலில் அடிபட்டவர்கள்

ஜனவரியில் செயலாளர் ஆயரிடம் போனார். "ஐயா, பேங்க்ல பணம் லேட்டா லேட்டா ஏறுது, என்னன்னு பாக்கணும்." ஆயர் சொன்னார்: "வருஷ ஆரம்பத்துலயே பிரச்சினை வேணாம் பிரதர். ஜெபத்துல வைப்போம்." ஜெபத்தை யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் பாஸ்புக்கைத் திறந்து பார்க்க வேண்டிய இடத்தில் ஜெபத்தை வைத்தது ஒரு தெரிவு, அதன் விலை மூன்று மாதம். அந்த மூன்று மாதத்தில் நடந்தவை இரண்டு.

கோவில் பணியாளருக்கு மாதச் சம்பளம் ரூ.9,000, ஞாயிறு ரொக்கத்திலிருந்து கொடுப்பது வழக்கம். பிப்ரவரியில் ஒன்றாம் தேதி ரொக்கம் இல்லை; பன்னிரண்டு நாள் தள்ளிப்போனது. வீட்டு வாடகைக்காக அவர் மாதம் 10 வட்டிக்கு ரூ.10,000 வாங்கினார். முதல் மாத வட்டியைக் கழித்துக்கொண்டு கையில் கொடுத்தது ரூ.9,000. சம்பளம் பன்னிரண்டாம் நாள் வந்துவிட்டது, வட்டி நிற்கவில்லை. அசலை மொத்தமாகச் சேர்த்து அடைக்க முடியாமல் ஐந்து மாதத்தில் வட்டியாக மட்டும் ரூ.5,000 கட்டினார். பொருளாளருக்கு இவர் பெயர்கூட அப்போது நினைவில் இருந்திருக்காது.

இரண்டாவது, அந்த இளைஞர். பணம் குறைகிறது என்ற பேச்சு மெல்லக் கசிந்தது. "எண்ணுறவன்தானே எடுத்திருப்பான்" என்று யாரோ சொன்னார்கள். சீட்டுகளில் அவர் கையெழுத்து இருந்ததால் மறுத்துச் சொல்லவும் வழியில்லை: எண்ணினேன் என்றால் பொறுப்பு அவருடையது, எண்ணவில்லை என்றால் பொய்க் கையெழுத்து. பொருளாளர் அந்தப் பேச்சு நடந்த இடத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்; ஒன்றும் சொல்லவில்லை. ரூ.80,000-ஐ விட இந்த மௌனத்தையே நாங்கள் பெரிய பாவமாகக் கருதுகிறோம். பணத்தைத் திருப்பிக் கொடுக்கலாம். இளைஞர் பிப்ரவரி கடைசியில் வேறு சபைக்குப் போனார். அவர் நடத்திய ஞாயிறு பள்ளி வகுப்பில் 14 பிள்ளைகள். எடுக்க ஆளில்லாமல் வகுப்பு நின்றது.

வெளியே வந்ததும் நடந்ததும்

மார்ச் 31-க்குப் பின் தணிக்கைக்குக் கணக்கைத் தயார் செய்தபோது, செயலாளர் எண்ணிக்கைச் சீட்டுகளை ஒரு பக்கமும் பாஸ்புக்கை மறுபக்கமும் வைத்துத் தேதிகளை எழுதினார். ஒரு மாலை வேலைதான். மே மாதம் வரை மறுநாள், ஜூலையில் எட்டு நாள், செப்டம்பரில் பதினைந்து நாள், மார்ச்சில் இருபத்திரண்டு நாள். தேதி படிப்படியாகத் தள்ளுவது சோம்பலால் வராது. சோம்பல் ஒழுங்கில்லாமல் இருக்கும்.

மத்தேயு 18:15-இன்படி முதலில் தனியாகப் போய்ப் பேசினார். ஞாயிறு ரொக்கத்தை மட்டும் பொருளாளர் ஒத்துக்கொண்டார். ஏலப் பாக்கியைச் சொல்லவில்லை. இது வழக்கமாக நடப்பது: முதல் அறிக்கை, எதிரில் இருப்பவருக்கு ஏற்கெனவே தெரிந்த அளவுக்குத்தான் வரும். அதனால்தான் 16-ஆம் வசனம் இன்னும் ஒருவரையோ இருவரையோ கூட்டிக்கொண்டு போகச் சொல்கிறது. இரண்டு மூப்பர்களோடு போனபோது, ஏலம் எடுத்தவர்களிடம் ஒவ்வொருவராகக் கேட்கப்போகிறோம் என்று சொன்ன பிறகே மீதி வந்தது.

கமிட்டியில் இரண்டு குரல்கள். "வெளியே தெரிஞ்சா சபையோட சாட்சி கெட்டுப்போகும், அமைதியா ராஜினாமா வாங்கிக்கலாம்" என்றது ஒன்று. அப்படிச் செய்திருந்தால் இளைஞர் மேல் இருந்த பழி அப்படியே நின்றிருக்கும். பழி யார் மேல் விழுந்ததோ அவர் காதுக்கு எட்டும் இடத்தில்தான் உண்மையும் சொல்லப்பட வேண்டும் என்றது மற்றொன்று. கடைசியில் ஞாயிறு ஆராதனைக்குப் பின் சபையார் முன் அறிக்கை செய்வது என்று முடிவானது.

அறிக்கையின் வாசகம் முக்கியம். "என்னால் ஏதாவது குறை ஏற்பட்டிருந்தால் மன்னிக்கவும்" என்று அவர் முதலில் எழுதிக் கொண்டுவந்ததை மூப்பர்கள் திருப்பிக் கொடுத்தார்கள். லேவியராகமம் 5:5 எந்தக் காரியத்தில் பாவம் செய்தானோ அந்தக் காரியத்தையே அறிக்கையிடச் சொல்கிறது. திருத்தி எழுதியதில் மூன்று தொகைகளும் மாத வாரியாக இருந்தன. 40 குடும்பங்களின் பங்கு இருந்தது. "தம்பி ஒரு ரூபாய்கூட எடுக்கவில்லை, அது தெரிந்தும் நான் பேசாமல் இருந்தேன்" என்ற வரி இருந்தது.

திருப்பிச் செலுத்துவதற்கு லேவியராகமம் 6:5 அளவு சொல்கிறது: முதலும், அதோடு ஐந்தில் ஒரு பங்கும். ரூ.80,000, அதோடு ரூ.16,000, ஆக ரூ.96,000. மாதம் ரூ.8,000 வீதம் 12 மாதம், வங்கி மூலம் மட்டும். இயேசுவைச் சந்தித்த வரி வசூலிப்பவன் சகேயு நாலத்தனையாக, அதாவது நான்கு மடங்காகத் தருகிறேன் என்றது அவன் மனம் திறந்து தந்த வாக்கு. ஒரு கமிட்டி அதை யார் மேலும் சுமத்தக் கூடாது. பணம் யாருக்குப் போக வேண்டும் என்பதில்தான் சபைகள் தவறுகின்றன. மொத்தத்தையும் பொது நிதியில் போட்டு மூடிவிடுவார்கள். எண்ணாகமம் 5:7, யாருக்கு விரோதமாகக் குற்றம் செய்யப்பட்டதோ அவனுக்கே கொடுக்கச் சொல்கிறது. அதன்படி ரூ.25,000 அந்த 40 குடும்பங்களுக்குத் தலா ரூ.625-ஆகப் போனது. கூடுதல் ரூ.16,000-த்தில் ரூ.5,000 கோவில் பணியாளர் கட்டிய வட்டிக்கு.

சட்டத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் நம்பிக்கை மோசடி 316-ஆம் பிரிவில் வருகிறது; ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு. பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் குற்றம் நடக்கவே இல்லை என்று ஆகிவிடாது. 1 கொரிந்தியர் 6-ஐக் காட்டி எதையும் வெளியே கொண்டுபோகக் கூடாது என்பவர்கள், பவுல் அங்கே பேசுவது சகோதரருக்குள்ளான வழக்குகளை என்பதையும், ரோமர் 13-இல் அதிகாரத்தைத் தேவ ஊழியக்காரன் என்று சொன்னவரும் அவரே என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பிள்ளைகளுக்கு எதிரான பாலியல் குற்றம் என்றால் இந்த யோசனைக்கே இடமில்லை: 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 19-ஆம் பிரிவின்படி தெரிந்தவர் புகார் கொடுத்தே ஆக வேண்டும். ஆயரும் அதில் அடக்கம்.

மன்னிப்பு கிடைத்த பின்பு

மே மாதம் பொருளாளரின் மனைவிக்குப் பித்தப்பை அறுவை சிகிச்சை. "பாத்தீங்களா, கர்த்தர் அடிச்சுட்டார்" என்று சபைக்குள் பேச்சு. இதை வன்மையாக மறுக்கிறோம். சீலோவாம் கோபுரம் விழுந்து செத்த 18 பேர் மற்றவர்களைவிடப் பாவிகளா என்று கேட்டு, இல்லை என்று இயேசுவே பதில் சொன்னார் (லூக்கா 13:4-5). பிறவிக் குருடனைப் பற்றி யோவான் 9:3-லும் அதே மறுப்பு. விளைவு என்று சொல்லும்போது காரணம் காட்ட முடிய வேண்டும். வெற்றுச் சீட்டுக்கும் இளைஞர் மேல் விழுந்த பழிக்கும் தொடர்பு உண்டு, காட்டலாம். கைமாற்றுக்கும் பித்தப்பைக் கல்லுக்கும் தொடர்பு காட்ட முடியாது. காட்ட முடியாததைக் கர்த்தர் பெயரில் சொல்வது, நோயில் கிடக்கும் ஒரு பெண்மேல் செய்யும் இன்னொரு குற்றம்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. "அவர்தான் அறிக்கை செய்துட்டாரே, ஆண்டவர் மன்னிச்சுட்டார், திரும்பப் பொறுப்பைக் கொடுங்க" என்று ஆறே மாதத்தில் கேட்டார்கள். 2 சாமுவேல் 12-இல், உரியாவின் மனைவியை எடுத்து அவனைக் கொல்வித்த தாவீது ராஜாவுக்கு, பாவத்தின் விளைவும் மன்னிப்பும் அடுத்தடுத்துச் சொல்லப்படுகின்றன. பட்டயம் உன் வீட்டைவிட்டு விலகாது என்று 10-ஆம் வசனம். கர்த்தர் உன் பாவம் நீங்கச்செய்தார் என்று 13-ஆம் வசனம். தாவீது மன்னிக்கப்பட்டான், சங்கீதமும் பாடினான். அவன் மகன்கள் அம்னோனும் அப்சலோமும் அதற்குப் பிறகுதான் செத்தார்கள். தேவனுக்கு முன் குற்றம் நீங்குவது ஒன்று, நடந்த காரியம் தன் வழியில் ஓடி முடிவது வேறொன்று. நம் பொருளாளர் முழுவதும் மன்னிக்கப்பட்டவர் என்று நம்புகிறோம். பாவங்களை அறிக்கையிட்டால் மன்னிப்பு உண்டு என்ற 1 யோவான் 1:9 அவருக்கும்தான். பாடகர் குழுவில் அவர் இடம் அப்படியே இருந்தது, திருவிருந்துக்குச் சில மாதம் விலகியிருந்து திரும்பினார். பணப் பொறுப்பு மட்டும் திரும்பத் தரப்படவில்லை. அது அவருக்கே நல்லது. நெருக்கடி வரும் மாதம் இன்னொன்று வரும்.

இளைஞரை ஆயரும் பொருளாளரும் வீட்டுக்கே போய்ப் பார்த்தார்கள். அவர் மன்னித்தார். பழைய சபைக்குத் திரும்பவில்லை. திரும்ப வர வேண்டும் என்று எதிர்பார்க்கவும் யாருக்கும் உரிமை இல்லை.

மாற்றிய நடைமுறைகள்

2 இராஜாக்கள் 12-இல் ஆசாரியனாகிய யோய்தா ஒரு பெட்டியின் மூடியில் துவாரமிட்டு வைக்கிறான். பணம் சேர்ந்ததும் ராஜாவின் கணக்கரான சம்பிரதியும் பிரதான ஆசாரியனும் சேர்ந்து எண்ணுகிறார்கள். அரண்மனையிலிருந்து ஒருவர், ஆலயத்திலிருந்து ஒருவர். இருவர் எண்ணுவது மட்டும் போதாது, ஒருவருக்கு ஒருவர் கீழ்ப்பட்டவராக இருக்கக் கூடாது என்பதுதான் அதில் கற்க வேண்டியது. "அங்கிள்" என்று கூப்பிடும் இளைஞரை 52 வயதுக்காரரோடு எண்ண உட்கார வைத்ததில் அதுதான் பிழை. எஸ்றா 8-இல் பன்னிரண்டு ஆசாரியரிடம் வெள்ளியும் பொன்னும் புறப்படும்போது நிறுத்துக் கொடுக்கப்பட்டு, எருசலேமில் மறுபடி நிறுக்கப்பட்டது. அவர்களைச் சந்தேகப்பட்டு அப்படிச் செய்யவில்லை. பரிசுத்தமானவர்கள் என்று சொல்லித்தான் நிறுத்துக் கொடுத்தார்கள்.

அதன்படி: எண்ணுபவர்கள் மூவர், ஒரே குடும்பமாக இருக்கக் கூடாது, மாதம் ஒருமுறை மாற்றம். ஞாயிறு பள்ளி எடுப்பவர் எண்ண வேண்டாம். சீட்டு கார்பன் வைத்து மூன்று பிரதி. ஒன்று பணத்தோடு பையில், ஒன்று செயலாளரிடம், ஒன்று ஆயரிடம். பை முத்திரையிடப்பட்டு, திங்கட்கிழமை பொருளாளர் அல்லாத ஒருவர் வங்கியில் கட்ட வேண்டும். சம்பளம் எதுவும் ரொக்கத்தில் கிடையாது. க்யூஆர் சபைக் கணக்குக்கு மட்டும், யாருடைய சொந்த எண்ணும் ஒட்டக் கூடாது. ஏலத்துக்கு எண்ணிட்ட இரட்டைச் சீட்டு. பாக்கி வாங்கும் அதிகாரம் இருவருக்கு மட்டும், ரசீது இல்லாமல் வாங்கினால் அந்தத் தொகைக்கு அவரே பொறுப்பு. பாக்கிப் பட்டியல் பெயர், தொகை, செலுத்திய தேதியோடு அறிவிப்புப் பலகையில், மாதம் ஒருமுறை புதுப்பித்து.

பட்டியலைப் பலகையில் போடுவதற்கு எதிர்ப்பு வந்தது. பாக்கி வைத்தவர்களுக்கு வெட்கமாக இருக்கும் என்றார்கள். அதனால் முதல் முப்பது நாள் பெயரில்லாமல் சீட்டு எண் மட்டும், அதன்பின் பெயரோடு என்று கமிட்டி தீர்மானித்தது. அடுத்த அறுப்பின் பண்டிகையில் பாக்கியின் பெரும்பகுதி அந்த முப்பது நாளுக்குள்ளேயே கட்டப்பட்டது.